கிருமிகளுக்கு ஆயுத பூஜை

இதனால் பூலோகவாசிகள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பூமி சூடாகிறதே என்று இனி எவரும் கவலைப்பட வேண்டாம். அதைக் குளிரவைக்கும் பொறுப்பைக் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. குறிப்பாக, சங்கராபுரத்துக்கு மேற்கே கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு மரவள்ளி ஸ்பிரிட் ஆலை.

மரவள்ளிக் கூழ் புளிக்கும்போது கரியமில வாயு கிளம்பும். அதைக் குழாய் வழியாகத் தரைக்கடியில் ஒரு தொட்டிக்குள் விட்டார்கள். தொட்டித் தண்ணீரில் வரிசையாகக் கரித்தட்டுகள். தட்டில் வழவழவென்று ஒட்டியிருக்கும் கிருமிகளுக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால், வாயுவைத் தின்றுவிட்டு வினிகரில் இருக்கும் அமிலத்தைக் கக்கும். அமிலத்தை விற்கலாம். கிருமிகளுக்கு லீவு, போனஸ், சங்கம் எதுவும் கிடையாது என்பதில் முதலாளிக்குத் தனி மகிழ்ச்சி.

தொட்டியை அமைத்தவர் டாக்டர் சிவசங்கர். ஊசி போடும் டாக்டர் அல்ல, மேடையில் பேசும் டாக்டர். "இந்த நுண்ணுயிர்கள் மனிதகுலத்தின் தோழர்கள்!" என்று திறப்பு விழாவில் முழங்கினார். பூஜை விடுமுறை வந்ததும் தோழர்களை மேனேஜர் தனசேகரனிடம் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்.

தனசேகரனுக்குத் தெரிந்த சாஸ்திரம் ஒன்றுதான். ஆயுத பூஜையென்றால் மிஷினை நிறுத்த வேண்டும், கழுவ வேண்டும், சந்தனப் பொட்டு வைக்க வேண்டும். காலையில் கரண்டை நிறுத்தி, தொட்டித் தண்ணீரை வடித்து, மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இருசப்பா, தட்டு பூரா பாசி புடிச்சிக் கெடக்குது! சாமி கும்புட்ற நாளாடா இது?"

கூலியாள் இருசப்பன் தலையைச் சொறிந்தான். "பாசி இல்லீங்க. கிருமின்னு டாக்டரு சொன்னாருங்களே."

"கிருமியா? அப்ப பினாயில் ஊத்திக் கழுவுடா!"

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி சின்னப்பொண்ணு மாவுக் கையோடு ஓடிவந்தாள். "அதுக்குள்ள எறங்காதய்யா. கிட்டப் போனாலே நெஞ்ச அடைக்குது."

"சட்டுனு கழுவிக்கினு ஏறிட்றேன். மொறைக்கிறாரு பாரு. முடியாதுன்னா நாளைக்கி வேலைக்கி வராதன்னுடுவாரு. நீ போயி கோலத்த முடி."

தண்ணீர் வடிந்துவிட்டது, வாயு வடியவில்லை. அது காற்றைவிடக் கனம், அடியிலேயே படுத்துக்கிடக்கும். இருசப்பன் இரண்டு தட்டு தேய்த்தான். மூன்றாவது தட்டின்மேல் சாய்ந்தான்.

பாய்லர் ஆள் கண்ணாயிரம் இடுப்பில் கயிறு கட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, அவனைத் தூக்கி வந்தான். உயிர் இருந்தது. இழுத்து இழுத்து மூச்சு வந்தது.

கம்பெனி கார் வாழைக்கன்றும் மாலையுமாக வாசலில் நின்றது.

"கார எடுங்க சார்! சங்கராபுரம் ஆஸ்பத்திரிக்கி ஒரே ஓட்டமா போயிடலாம்!" என்று கதறினாள் சின்னப்பொண்ணு.

தனசேகரன் முதலில் போனை எடுத்தார்.

"சார், தொட்டி கழுவறப்ப ஆளு வுழுந்துட்டான்."

"கழுவினீங்களா?" சிவசங்கரின் குரல் நடுங்கியது. "எல்லாத் தட்டையுமா?"

"ரெண்டுதான் சார். அதுக்குள்ள மயங்கிட்டான்."

"நல்லவேளை! மீதித் தட்டை உடனே ஐஸ் பெட்டியில வச்சு இறுக்கி மூடுங்க. அதுங்களுக்குக் காத்து பட்டா ஆகாது. கார்ல ஏசி போட்டு நேரா சென்னைக்கு அனுப்புங்க. மூணு வருஷ உழைப்பு!"

காற்று வேண்டியவன் தரையில் கிடந்தான்.

பெட்டி பின் சீட்டில் ஏறியது. சின்னப்பொண்ணு காரை மறித்து நின்றாள்.

"மனுசன் கெடக்குறான், பெட்டிய ஏத்திக்கினு போறீங்களே! நீங்கள்லாம் சோறுதான் துன்றீங்களா?"

"ஆம்புலன்ஸ் வருதும்மா, நவுரு" என்றார் தனசேகரன்.

வாட்ச்மேன் அவளை இழுத்து ஓரம் தள்ளினார். கார் போய்விட்டது. ஆம்புலன்ஸ் மலைமேல் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. கடைசியில் மரவள்ளி ஏற்றும் டிராக்டரில் அவனைக் கிடத்தி, தலையை அவள் மடியில் வைத்துக்கொள்ள, கண்ணாயிரம் ஓட்டினான்.

மறுநாள் கம்பெனி அறிக்கை விட்டது: "பூஜையன்று ஏற்பட்ட சிறு தடங்கலைத் துணிவோடு எதிர்கொண்டோம். விலைமதிப்பற்ற உயிர்கள் உரிய நேரத்தில், உரிய வாகன வசதியோடு காப்பாற்றப்பட்டன. வருங்காலத் தலைமுறை எங்களை வாழ்த்தும்." கீழே டாக்டரின் சிரித்த படம்.

முந்தின நாளே, டிராக்டர் சங்கராபுரம் போய்ச் சேர்வதற்குள் இருசப்பன் செத்துப்போயிருந்தான்.