பழைய அளவு

காலையில் கீமோ ஏறியிருந்தது. மதியம் ரேடியேஷன். நுரையீரல் கட்டி பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவிவிட்டதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கேட்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடுவில் விட்டுவிடக் கூடாதாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் என் வீட்டுக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வெளியே காத்திருக்கும் இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், தண்ணீர் பிடித்தேன், குடிக்காமலேயே வைத்தேன்.

"ஏன் இப்படி அலையுற? உக்காரேன்."

"நீங்க பண்ணின காரியத்துக்கு நான் நிம்மதியா வேற உக்காரணுமா?"

அவர் பண்ணிய காரியம் இதுதான். கதிர் எங்கே விழ வேண்டும் என்று நெஞ்சில் மையால் கோடு போட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நேற்று வாந்தியெடுத்துவிட்டு, நாற்றம் போகத் தேய்த்துக் குளித்ததில் கோடு போயே போய்விட்டது. மனிதர் பதறவே இல்லை. தையல்காரர் அல்லவா, முதல் நாளே கழுத்தெலும்பிலிருந்து அளந்து வைத்திருந்தாராம். கண்ணாடி முன்னால் நின்று, டேப்பை வைத்து, தானே வரைந்துகொண்டார். கோடு என்னவோ அச்சடித்த மாதிரிதான் இருந்தது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"சொன்னா இன்னைக்கு நிறுத்திடுவாங்க. வாயைத் திறக்காதே. என் கை என்னைக்காவது தப்பியிருக்கா?"

கூப்பிட்டார்கள். பின்னாலேயே நானும் உள்ளே நுழைந்துவிட்டேன்.

"அம்மா, நீங்க வெளியில இருக்கணும்," என்றாள் மெஷினைப் பார்க்கும் பெண்.

"அந்தக் கோடு நீங்க போட்டதில்லம்மா. இவரே போட்டுக்கிட்டது."

என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அவள் திட்டக்கூட இல்லை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூட்டி வந்தாள். கோடு ஒரு விரல் அகலம் இதயத்துப் பக்கம் தள்ளியிருந்தது.

"இருக்காது டாக்டர். டேப் வச்சு அளந்தேன்."

"டேப் சரிதான் ஐயா. நீங்க ரொம்ப இளைச்சுட்டீங்க. திரும்ப ஸ்கேன் எடுத்து புதுசா குறிக்கணும். இன்னைக்கு விட்டுப்போறதைக் கடைசியில சேர்த்துக்கலாம்."

அவர் குனிந்து தன் விலா எலும்புகளைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய உடம்பைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார்.

"பழைய அளவுல வெட்டிட்டேனே," என்றார்.

பிறகு, கடைக்கு அளவு கொடுக்க வந்தவர் மாதிரி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"எடுத்துக்கோங்க."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.