பேனாட்டின் அரைநாள்

ஸ்ரனிஸ்லாஸுக்கு அன்று காலை இருப்புக் கொள்ளவில்லை. பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகைக்குச் சாந்து பூசும் வேலை கைக்கு வந்திருந்தது. ஆனால் கட்டிடத் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால்தான் உள்ளே கால் வைக்கலாம். சங்க அலுவலகத்துப் பெண் படிவத்தை அவர் பக்கம் தள்ளி, "பகுதிநேரத்தில் ஒருவரைத்தான் போடலாம்" என்றாள்.

அவரிடம் வேலை செய்வது இரண்டே பேர்: டெனிஸ்டன், மனைவியின் தம்பி பேனாட். எட்டு வருடமாக இருவருக்கும் காலையில் ஆளுக்கொரு சிஞ்ஞோரா வீட்டில், அதாவது இத்தாலிய எசமானி வீட்டில், வேலை; பின்னேரம் இவரோடு. பலெர்மோவில் நம்மவர் பிழைப்பு அப்படித்தான். பேனாட்டுக்குச் சிஞ்ஞோரா வீடுதான் கூரையும் சாப்பாடும். அந்த வீட்டை விட்டுவா என்று எந்த வாயால் கேட்பது?

யாரையும் எதுவும் கேட்காமலே எல்லாருக்கும் நல்லது செய்கிற மனிதர் அவர். குடும்பத்தில் அதற்குப் பெயர் பொறுப்பு.

வெளியே வந்து நடைபாதையில் நாலு தரம் நடந்தார். பிறகு டெனிஸ்டனுக்கு மட்டும் போன் எடுத்தார்.

"முழுநேரமோ? உடனை எழுதுங்கோ அண்ணை! இவ்வளவு நாளும் நீங்கள் கேக்கேல்லையே."

அப்பாடா என்று உள்ளே போய் டெனிஸ்டனை முழுநேரத்திலும் பேனாட்டைப் பகுதிநேரத்திலும் எழுதிக் கையெழுத்து வைத்தார். மச்சானின் கூரையைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு பஸ் தரிப்பில் நின்று அவனை அழைத்தார்.

"உனக்கு ஒரு கரைச்சலும் இல்லையடா. உன்ரை சிஞ்ஞோராவை விடத் தேவையில்லை. அரைநாளிலை போட்டிட்டன்."



"அத்தான், மொனிகாவையும் பிள்ளையையும் குடும்ப விசாவிலை இஞ்சை கூப்பிட வருமானம் காட்டவேணும். சிஞ்ஞோரா பதிஞ்ச மணித்தியாலத்தையும் உங்கடையையும் சேத்தாலும் காணாது எண்டு போன மாசம் விசாக் கந்தோரிலை சொல்லிப்போட்டாங்கள். முழுநேர வேலைக் கொந்திராத்து ஒண்டு கிடைக்காதோ எண்டு நான் அலையிறன்."

"எனக்கேன்ரா சொல்லேல்லை?"

"நீங்கள் அரைநாள் ஆளாத்தானே வைச்சிருக்கிறியள். எப்பிடிக் கேக்கிறது? மூண்டு வருசமாப் பிள்ளையைப் போனிலைதான் பாக்கிறன் அத்தான்."

பஸ் வந்து கதவு திறந்தது. அவர் ஏறவில்லை. வெட்கம் காதுவரை சுட்டது. சங்க அலுவலகத்து மாடிப்படிகளை ஓடியே ஏறினார், ஐம்பத்து மூன்று வயதில். அந்தப் பெண் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கைப்பையை எடுத்துவிட்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டு, தான் எழுதியதை மாற்ற வேண்டும் என்றார்.

அவள் பெருமூச்சோடு பேனாட்டின் தாளை எடுத்து, "என்ன எழுத?" என்று கேட்டாள்.

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் மேசையில் வைத்தார்.

"பேனாட், லைனிலை நிக்கிறியே? நீயே சொல்லு."