ஒப்பமிடாத நகல்கள்

ஞானஸ்நானப் பதிவேட்டின் நாற்பத்தொரு நகல்களும் மேசைமேல் கிடந்தன. ஆலய எழுத்தர் அவற்றைத் தொடவில்லை. எதிரே அவருடைய தங்கை கணவர், குடியேற்றத் துறை அதிகாரி, பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"அசலோட ஒத்திருக்குன்னு ஒரு கையெழுத்து, மச்சான். பொய்யா எழுதச் சொல்றேன்?"

பொய் இல்லைதான். பெற்றோர் பிறந்த ஊர் என்ற கட்டத்தில் எல்லைக்கு அப்பாலிருந்த ஊர்களை எழுதியது எழுத்தரின் கைதான். கேட்டவுடன் பெற்றோரே சொன்னார்கள். ஆலயத்தில் யாருக்கு என்ன பயம்? பதிவேட்டைக் காப்பவர் ஒப்பமிட்டால் நகல் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும். அப்புறம் நாற்பத்தொரு குடும்பங்களையும் லாரியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"போதகருக்குத் தெரியுமா?"

"பதிவேட்டைப் படம் எடுத்துக் கொடுத்ததே அவர்தான். அதிகாரத்துக்கு அடங்கி நடக்கணும்னு வேதத்துலயே இருக்காமே?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? நாட்டைவிட நீங்க பெரிய ஆளா?"

"நான் எங்க பெரிய ஆளு? நாட்டுக்கு மேல ஒருத்தர் இருக்கார்னு சொல்லித்தானே இவங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம் மாப்பிள்ளை."

"பிரசங்கம் ஞாயித்துக்கிழமை வச்சுக்கோங்க. வேலை போகும். ஆலயத்து வீடும் போகும். உங்க தங்கச்சி என் உயிரை எடுப்பா."

"எடுக்கட்டும்."

அதிகாரி சிரித்துப் பார்த்தார். எழுத்தர் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. அதிகாரி பேனாவை மூடினார்.

"நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆளு உட்காருவான். கண்ணை மூடிட்டுப் போட்டுத் தருவான். இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"ஒரு நாள்."

அதிகாரிக்குப் புரிந்தது. புரியாதவர்போல நகல்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

எழுத்தர் பதிவேட்டைப் பூட்டினார். துணிச்சல் வரவில்லை, பயமும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றுவதுபோல் எழுந்தார். பின்வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டைக் காலி பண்ணணும்."

"எப்போ?"

"நாளைக்குச் சொல்லுவாங்க."

அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். "அப்ப இதை அலமாரியில வைக்க வேணாம்," என்றாள். "நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"நாப்பத்தொரு வீடு இருக்கு."

சைக்கிளில் போகும்போது யார் யார் எந்தத் தெரு என்று எண்ணிக்கொண்டே போனார். முதல் வீட்டுக் கதவை இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் திறந்தாள். போன மாதம்தான் அந்தக் குழந்தையின் பெயரைப் பதிவேட்டில் எழுதியிருந்தார்.

"வாங்கய்யா! உள்ள வந்து உட்காருங்க."

"உட்கார நேரமில்லம்மா," என்றார் எழுத்தர். "வீட்டுக்காரரைக் கூப்பிடு."