வாங்க என்று கேட்காத படைச்சிறுத்தை

பூமியில் மனிதன் தோன்றிய நாள்முதல் இன்றுவரை, ஒரு படைச்சிறுத்தை ஓடோடி வந்து, இரண்டு காலில் எழுந்து நின்று வழியனுப்பி வைத்தது ஒரே ஒரு ஆளைத்தான். அந்த ஆள் சூலூரில் குடியிருக்கிறார். நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் அரங்கசாமி. அதாவது நான்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். என் மனைவி கனகமே சிரித்தவள்தான்.

படைச்சிறுத்தை என்றால் நம் வால்பாறைத் தேயிலைக்குள் திரிகிற சாதாரணச் சிறுத்தை என்று நினைத்துவிடக் கூடாது. வடகிழக்கு மலைக்காட்டில் மரம்விட்டு மரம் தாவுகிற பூனை ஜாதி அது. உடம்பெல்லாம் மழைமேகம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். காட்டில் அதைப் பார்த்தவர்கள் அபூர்வம். காசு கொடுத்து மிருகக்காட்சிசாலைக்குப் போய்ப் பார்த்தவர்கள் அதைவிட அபூர்வம்; ஏனென்றால் அங்கே அது பெட்டிக்குள் படுத்துத் தூங்கும்.

வேலையை விட்ட பிறகு வருஷத்துக்கு ஒரு பயணம் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. இடத்தை நான்தான் சொல்வேன். நான் சொல்கிற ஊரில் தவறாமல் ஒரு மிருகக்காட்சிசாலை இருக்கும். அப்படிப் போன இடங்களில் கனகம் கண்டது ஒரு சிங்கத்தின் வால்நுனி. அப்புறம், காண்டாமிருகம் என்று நான் காட்டி, அவளும் வாயைப் பிளந்து பார்த்த ஒரு பாறை. பாறை என்பது நாங்கள் கிளம்பும்போதுதான் தெரிந்தது. அதன்மேல் ஒருவர் ஏறி நின்று குழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"நானும் இந்தியாவுல இருக்கற போர்டு பூராத்தையும் படிச்சுப்போட்டனுங்க," என்றாள் கனகம். "போர்டுக்குப் பின்னால ஒரு நாளைக்காவது ஏதாச்சும் இருக்குமாங்க?"

இந்த நேரம் பார்த்து, தன்னோடு டூர் வரச் சொல்லி நடுவில் நுழைந்தான் அவள் தம்பி கோவிந்தராஜுலு. ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிறான். சொந்தபந்தங்களை எல்லாம் ஒரே பஸ்ஸில் அடைத்து, ஒரே நிறத்தில் தொப்பி மாட்டி, காலை நாலரைக்கு விசில் ஊதி எழுப்பி ஊர் சுற்றிக் காட்டுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. கோயம்புத்தூரில் அகப்படாத மாதிரி இட்லியை ஹரித்துவாரில் தேடுகிற கூட்டம் அது. ஆப்பிரிக்காவுக்கும் ஒருமுறை போய்வந்தான். அங்கே எடுத்த படம் ஒவ்வொன்றிலும் முன்னால் அவன் தொந்தி நிற்கும், பின்னால் கடுகளவு ஒரு புள்ளி தெரியும். "அதுதான் சிறுத்தைங்க பாவா," என்பான். எங்கள் வீடுகளில் அக்காள் புருஷன் பாவா. அந்த மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

கடைசியில் கனகம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இன்னும் ஒரே ஒருக்கா உங்ககூட வாரனுங்க. அந்தப் படைச்சிறுத்தை வெளிய வந்துச்சுன்னா, ஆயுசுக்கும் நீங்க சொல்ற எடந்தான். வரலீன்னா வருசா வருசம் தம்பி டூருதான். சாட்சிக்குத் தம்பியும் வரட்டும்."

தொப்பி! விசில்! முப்பத்தெட்டு வருஷம் மில் சங்குக்கு எழுந்தவன் நான். இனிமேல் மைத்துனன் விசிலுக்கு எழுவதா?

போனோம். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன்; சொன்னால் அந்தச் சிறுத்தையைப் பார்க்கக் கூட்டம் கூடிவிடும்.

கூட்டம் அன்றைக்கே போதுமானதாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மரம், புதர், மரப்பெட்டி. பெட்டிக்குள் இருட்டு. இந்தப் பக்கம் ஒருவர் "டைகர்! டைகர்!" என்று கத்துகிறார். போர்டில் படம் போட்டுப் பெயரும் எழுதியிருக்கிறது. படிக்க நேரமில்லை, போர்டோடு செல்ஃபி எடுக்கத்தான் நேரம் இருக்கிறது. இன்னொரு மகானுபாவர் வீடியோ காலில் யாருக்கோ மரப்பெட்டியைக் காட்டி, "உள்ளதான் இருக்குது, தூங்குது," என்று நேர்முக வர்ணனை செய்கிறார். பாப்கார்ன் எறிய ஓங்கின ஒருத்தியைக் காவலர் அதட்டினார். உலகத்தில் எஞ்சியிருக்கிற அபூர்வப் பிராணிக்குப் பாப்கார்ன்! பெட்டிக்குள் நானாக இருந்தாலும் வெளியே வந்திருக்க மாட்டேன்.

கோவிந்தராஜுலு, தேங்காய் உரிக்கிற கடப்பாரை நீளத்துக்கு லென்ஸ் மாட்டி நின்றான். நேரமாக ஆக அவனுக்கு முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. "டேய், வாடா வெளிய," என்று கண்ணாடியில் ஒரு தட்டு வேறு தட்டினான்.

கூட்டம் அலுத்துப்போய் நீர்யானையைத் தேடிப் போய்விட்டது. நாங்கள் மூவர்தான் பாக்கி.

"போலாங்க," என்றாள் கனகம். கோபம்கூட இல்லை அவள் குரலில், அதுதான் சுட்டது. சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். மைத்துனன் லென்ஸைக் கழற்றிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தபடி, "பாவாவுக்குத் தொப்பி பெரிய சைஸா வேணுமுங்களே," என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடி அருகே போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷத்துக்குப் போனால் பந்தியில் என்ன போட்டார்கள் என்பதெல்லாம் அப்புறம். வாசலில் நின்று "வாங்க" என்று கேட்டார்களா என்பதுதான் முதலில். கேட்காத வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் திரும்பி, மூன்று தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்கள் உண்டு.

"ஏனுங்க," என்றேன் மரப்பெட்டியைப் பார்த்து. "இது உங்க ஊடு. நாங்க அத்தன தூரத்துல இருந்து வந்திருக்கறமுங்க. எந்திரிச்சு வரோணும்னுகூட இல்ல. வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கப்படாதுங்களா? செரி, இருக்கட்டுமுங்க. நாங்க போய்ட்டு வாரமுங்க."

வேட்டியை மடித்துக் கட்டினேன். முதுகைக் காட்டித் திரும்பினேன். இரண்டடி வைத்திருப்பேன்.

தொம்மென்று ஒரு சத்தம். கண்ணாடி அதிர்ந்தது என் முதுகெலும்பில் கேட்டது. நான் திரும்புவதற்குள் ஒரு நீள வால், பஞ்சு மூட்டையிலிருந்து உருவிய கயிறு மாதிரி, பெட்டிக்குள் போய் மறைந்தது. கண்ணாடியில், என் தலைக்கு மேல் (சரி, நெஞ்சு உயரத்தில்) இரண்டு ஈரப் பாதம். பெண்வீட்டில் முறைத்துக்கொண்டு கிளம்பிய சம்பந்தியின் பின்னால் வாசல்வரை ஓடிவருவார்களே, அப்படி வந்திருக்கிறது!

கனகம் சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள். எனக்கோ முதுகில் கண் இல்லை. ஆக, வந்ததை முழுசாகப் பார்த்த ஒரே ஜீவன், எனக்கு எதிரே நின்ற கோவிந்தராஜுலு. அவன் முகம் அரைத்த தேங்காய் போல வெளுத்திருந்தது.

"தம்பி, என்ன சத்தம்? வந்துச்சா?" என்றாள் கனகம்.

"ஒண்ணும் வரலீங்க அக்கா. காத்துங்க."

காற்றாம்! காற்றுக்குப் பாதம் உண்டாம், நகம் உண்டாம்! கண்ணாடியில் இருந்த தடத்தைக் காட்டினேன். "அது எவனோ கை வெச்சதுங்க," என்றான். தம்பி சொன்னால் அவளுக்கு மறுபேச்சு இல்லை. டூருக்கு என் பெயரும் எழுதப்பட்டது.

அடுத்த வாரம் காங்கேயத்தில் வளைகாப்பு. கனகத்தின் பெரியம்மா பங்காரம்மா வீட்டில். அத்தனை சொந்தமும் இலை போட்டு உட்கார்ந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். நியாயம் கேட்கவில்லை, கதை சொன்னேன். சிறுத்தை வந்ததைவிட, வந்தபோது என் மைத்துனன் என்ன ஆனான் என்பதை விலாவாரியாகச் சொன்னேன்.

"கோவிந்தராஜுலு போட்ட கூச்சல்ல, அந்தப் பக்கம் கொரங்கெல்லாம் காதைப் பொத்திகிச்சுங்க பெரியம்மா. ஒரே தாவுல பெஞ்சு மேல ஏறிட்டான்."

"ஏங் கண்ணு, பெஞ்சு மேலயா ஏறுனே?" என்றாள் பங்காரம்மா.

"பாவா புளுகறாருங்க பெரியம்மா!"

"பெஞ்சுல இருந்து மரத்துக்குப் போனான். காவலாளு ஏணி போட்டுத்தான் எறக்குனாருங்க."

பந்தியில் சிரிப்பு ஓடியது. பாயசம் பரிமாறியவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவன் காது சிவந்தது.

"எறக்குனதும் மயக்கம். மூஞ்சில தண்ணி தெளிச்சமுங்க. கண்ணு முழிச்சதும் கேட்டான் பாருங்க, 'அக்கா, நான் உசுரோட இருக்கறனா?'ன்னு. பேண்டெல்லாம் ஈரம். தண்ணி தெளிச்சதுல ஆச்சோ என்னமோ, நான் ஒண்ணும் சொல்லலீங்க."

கோவிந்தராஜுலு இலையை விட்டு எழுந்தே விட்டான்.

"போதுமுங்க பாவா! யாருங்க மயங்குனது? அது பாஞ்சு வந்து, ரெண்டு கையையும் கண்ணாடில வெச்சு எந்திரிச்சு நின்னப்ப, எதுத்தாப்புல நின்னு அதுங் கண்ணை நேருக்கு நேராப் பாத்தவன் நானுங்க! ஒரு அடி பின்னால நகரலீங்க!"

கனகம் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தாள்.

"தம்பி."

அவன் அவளைப் பார்க்கவில்லை. பாயசத்தைப் பார்த்தான்.

"அப்ப அது வந்துச்சா?"

"வந்துச்சுங்க அக்கா," என்றான்.