முப்பத்தோராம் எபிசோடு

‘நட்சத்திர ஓடம்’ இரண்டாம் பாகத்தின் நான்காவது எபிசோடு முடிந்ததும் லில்லி செல்போனைக் கட்டிலில் வீசினாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவள், அதுவரை வெளிவந்திருந்த நான்கையும் ஒரே மூச்சில் பார்த்திருந்தாள். பதினாறு வருடம் காத்திருந்தது இதற்குத்தானா?

அது ஒரு ஜப்பான் அனிமே தொடர். முதல் பாகம் தமிழ் டப்பிங்கில் டிவியில் வந்தபோது அவளுக்குப் பத்து வயது. அப்பா அம்மா இல்லாத கென்சோவும் அவன் தங்கை நாமிகோவும் ஒரு தீவில் படகு ஓட்டிப் பிழைக்கிற கதை. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு வரும். அவள் ஊர் சோரியாங்குப்பத்தில் பிள்ளைகள் யாரும் அந்த நேரத்துக்குத் தெருவில் இருக்க மாட்டார்கள். ஆனால் லில்லிக்குக் காது கேட்காது. ஏழு வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் போய்விட்டது. அதற்குள் பேசப் பழகியிருந்ததால் பேச்சு மட்டும் தங்கியது, ஏற்ற இறக்கம் இல்லாமல். மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். கார்ட்டூன் பொம்மைகளின் உதட்டில் எதைப் படிப்பது?

அவளுக்காக அண்ணன் டேனியல் ஒரு வழி கண்டுபிடித்தான். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். ஐந்தரைக்கு லாங் சைஸ் நோட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்து, யார் என்ன பேசுகிறார்கள் என்று எழுதித் தள்ளுவான். விட்டுப்போனதை விளம்பரம் ஓடும்போது நிரப்புவான். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே எபிசோடை மறுபடி போடுவார்கள். லில்லி பள்ளிக்கூட யூனிபாரத்தோடு நோட்டை மடியில் விரித்துக்கொண்டு, ஒரு கண் டிவியிலும் ஒரு கண் அண்ணன் கையெழுத்திலுமாகப் பார்ப்பாள். வரி தவறினால் அவன் விரல் வைத்துக் காட்டுவான். ஐம்பத்திரண்டு எபிசோடு, ஆறு நோட்டு.

இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று அவளிடம் சொன்னவனும் அவன்தான். ஏசி மெக்கானிக் வேலை முடிந்து வந்தவன், வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் வாசலிலிருந்தே கையை ஆட்டினான்.

“ஏய், கென்சோ திரும்பி வர்றான்டி! ரெண்டு பேரும் பெருசாயிட்டாங்களாம். உக்காந்து ஒண்ணாப் பாக்கலாம்.”

மூன்று மாதம் கழித்து, கன்னியக்கோயில் பக்கம் கடலூர் ரோட்டில், ஒரு லாரி அவன் வண்டியை அடித்துப் போட்டது. இருபத்தொன்பது வயது.

அதனால்தான் லில்லி இந்த இரண்டாம் பாகத்தை இரண்டு பேருக்காகப் பார்த்தாள். இப்போது தமிழ் டப்பிங்கோடு கீழேயே தமிழில் எழுத்தும் ஓடியது, நோட்டு தேவைப்படவில்லை. ஆனால் கதை தாறுமாறாக இருந்தது. வளர்ந்த நாமிகோ வேறு தீவில் வைத்தியம் பார்க்கிறாள். கென்சோ மூன்று முறை கடல் தாண்டி வருகிறான். அவள் கதவே திறப்பதில்லை. என்றைக்கோ நடந்த ஒரு சண்டையைச் சொல்லிச் சொல்லித் துரத்துகிறாள். என்ன சண்டை? அவர்கள் சண்டையே போட்டதில்லையே!

செல்போனில் அவள் சேர்ந்திருந்த அனிமே குழுவில் அன்றைக்கு இதே வாக்குவாதம்தான். படம் முதல் பாகத்தைவிடத் தெளிவு என்றார்கள் சிலர். பாட்டு அந்த அளவுக்கு இல்லை என்றார்கள் சிலர். ஒன்றரை வருடமாக அங்கே ஒரு வரிகூட எழுதாத லில்லி அன்றைக்கு எழுதினாள்.

“முதல் பாகத்து கால் தூசிக்கு வராது இது. எழுதினவங்க முதல் பாகத்த பாத்தாங்களா இல்லையா? நாமிகோ எதுக்கு அண்ணன வெறுக்கணும்? கென்சோ அவள ஒரு நாளும் ஒரு வார்த்த கடுசா சொன்னதில்ல.”

குழுவை நடத்துகிற மணிபாரதி உடனே பதில் போட்டான். கரியமாணிக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன்.

“அக்கா, 31வது எபிசோடு மறந்துட்டீங்களா? அங்கதான எல்லாமே ஆரம்பிக்குது.”

“மறக்கல. 31ல கென்சோ அவள எவ்ளோ உசத்தியா பேசுவான்! எனக்கு மனப்பாடம்.”

மற்றவர்கள் சிரிக்கிற பொம்மைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். மணிபாரதி சிரிக்கவில்லை. பழைய டப்பிங்கிலிருந்து எட்டு விநாடி ஒலியை வெட்டி அனுப்பினான். திரையில் ஏறியிறங்கும் சின்னச் சின்னக் கோடுகளாக அது நின்றது. லில்லி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினாள்.

“எனக்கு காது கேக்காது தம்பி. எழுதி அனுப்புங்க.”

குழுவில் சிரிப்பு நின்றது. மணிபாரதி தனியாக அனுப்பினான்.

“சாரிக்கா, தெரியாது. அவன் சொல்றது இதான்: நீ மட்டும் இல்லன்னா நான் எப்பவோ இந்தத் தீவ விட்டுப் போயிருப்பேன். என் கால்ல கட்டுன கல்லு நீ.”

பொய் சொல்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. எழுந்து போய் பீரோவைத் திறந்து நாலாவது நோட்டை எடுத்தாள். டேனியலின் சாய்ந்த எழுத்து.

‘கெ: நீ மட்டும் இல்லன்னா நான் எங்க போறதுன்னு தெரியாம நின்னுருப்பேன். என் படகுக்கு துடுப்பு நீ.’

‘துடுப்பு நீ’ வரிக்கு முன்னால் இரண்டு வார்த்தை அடித்திருந்தது. அந்த அடித்தலைப் பதினாறு வருடமாகப் பார்த்திருக்கிறாள். அடியில் என்ன என்று படித்ததில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தாள். ‘என் கால்ல’ என்று இருந்தது.

அவ்வளவு நல்ல வார்த்தையைக் கேட்டுவிட்டு நாமிகோ ஏன் அழுதுகொண்டே ஓடுகிறாள் என்று அன்றைக்கே லில்லி டேனியலிடம் கேட்டிருந்தாள். “சந்தோசத்துல அழுவுறா. நீ கூட அழுவுவ இல்ல?” என்றான் அவன். அடுத்த எபிசோடில் நாமிகோ தனியாகப் படகேறிப் போனதற்கு, ‘அண்ணா, மருந்து வாங்கிகினு வந்துடுறேன்’ என்று நோட்டில் எழுதியிருந்தான். லில்லி கடைசி எபிசோடு வரை அந்த மருந்துக்காகக் காத்திருந்தாள்.

அந்த வாரம் முழுவதும், மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை முடிந்து வந்ததும், செல்போனில் பழைய எபிசோடுகளை எழுத்தோடு ஓடவிட்டு, பக்கத்தில் நோட்டை வைத்துப் பார்த்தாள். முப்பது எபிசோடு வரை அவன் ஒரு வார்த்தை மாற்றவில்லை. முப்பத்தொன்றிலிருந்துதான். படகில் ஏறிய நாமிகோ உண்மையில் சொன்னது, ‘என்னைத் தேடாதே.’ பதினாலு வயதில், ஐந்தரை மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில், பேனாவை நிறுத்தாமலே அவன் ஒரு பொய்யைக் கட்டியிருந்தான். அதை இருபத்தொரு எபிசோடுக்கு உடையாமல் காப்பாற்றியும் இருந்தான். எப்படி மாற்றினாலும் ஒட்டாத ஓர் இடத்தில், ‘இங்க டிவில சத்தம் சரியா வரல’ என்று எழுதியிருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா சகாயராணி ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்தாள். வார்டு கூட்டித் துடைக்கிற வேலை. வந்தவள் சாப்பிட்டுக் கை கழுவும் வரை லில்லி பொறுத்திருந்தாள்.

“யம்மா, அண்ணனுக்கு நான் பாரமா இருந்தேனா?”

“இன்னாத்துக்குடி இப்ப அது?”

“சொல்லு.”

சகாயராணி முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். லில்லி அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். உதடு தெரிய வேண்டும்.

இல்லை என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

“ஒரு தபா சொன்னான்,” என்றாள். “கத்தாருக்கு விசா வந்துச்சு பாரு, அப்ப. உங்கப்பா செத்து ஆறு மாசம். எனக்கு நைட் டூட்டி. உன்னத் தனியா வூட்ல வுட்டுட்டு எப்பிடிடா போவன்னு கேட்டேன். அவனுக்குக் கோவம் வந்துடுச்சு. ‘இவ ஒருத்தி இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேன்’னான்.”

“நான் எங்க இருந்தேன்?”

“இங்கதான். மீன் ஆஞ்சிகினு இருந்த. அவன் செவுத்துப் பக்கமா திரும்பிகினு சொன்னான். உனக்குத் தெரியக் கூடாதுன்னு.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா. ரெண்டு நாளு பேசல. மூணா நாளு போயி ஏஜென்ட்டுகிட்ட வரலன்னு சொல்லிட்டு வந்துட்டான். அதோட சாவுற வரைக்கும் அந்தப் பேச்ச அவன் எடுக்கவே இல்லடி. மாதா மேல சத்தியம்.”

லில்லி அந்த நாளைத் தேடிப் பார்த்தாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. மீன் ஆய்ந்த நாள் எத்தனையோ இருந்தது. எல்லா நாளிலும் டேனியல் பக்கத்தில் இருந்தான், பூனையை விரட்டிக்கொண்டோ, செதிலை எடுத்து அவள் தலையில் ஒட்டிவிட்டுக்கொண்டோ. அவன் சுவரைப் பார்த்து நின்ற நாள் மட்டும் நினைவுக்கு வரவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் நடந்ததை எப்படி நினைவு வைப்பது?

“என்கிட்ட சொல்லியிருந்தா நானே போவச் சொல்லியிருப்பேன்,” என்றாள்.

“அதனாலதான் சொல்லல.”

“போயிருந்தா உசுரோட இருந்திருப்பான்.”

சகாயராணி தானாகவே முகத்தை அவள் பக்கம் திருப்பினாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையும் தெரியும்படி சொன்னாள்.

“போவாதடான்னு சொன்னவ நான்தான? அத்த நெனக்காத நாளு உண்டாடி எனக்கு?”

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். லில்லி நோட்டுகளை அடுக்கி பீரோவில் வைத்தாள்.

வாரத்துக்கு ஒன்றாகத் தொடர் ஓடியது. லில்லி விடாமல் பார்த்தாள். இப்போது நாமிகோமேல் கோபம் வரவில்லை. பன்னிரண்டாவதுதான் கடைசி. அது வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு லீவு. “நானும் பாக்கறேன்,” என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவுக்குக் கேட்க வேண்டுமே என்று நினைவு வந்து, செல்போனில் எப்போதும் மூடியே வைத்திருந்த சத்தத்தை லில்லி திறந்துவிட்டாள்.

கென்சோவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. நாமிகோ கதவைத் திறந்தாள். அவன் வாயைத் திறப்பதைப் பார்த்தாள் லில்லி. எழுத்து வருவதற்கு ஒரு நொடி முன்பே பக்கத்தில் அம்மாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது. அப்புறம்தான் கீழே வரி ஓடியது.

‘அன்றைக்குச் சொன்னது பொய்யில்லை. அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மறுநாள் காலையிலும் படகைக் கட்டிவிட்டு உன்னிடம்தானே வந்தேன்?’

நாமிகோ அவனை அடித்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் சோறு தின்றார்கள். எல்லாம் மூன்று நிமிடத்தில் முடிந்து எழுத்துகள் மேலே ஏற ஆரம்பித்தன.

குழுவில் தீர்ப்புகள் வந்து குவிந்தன. மணிபாரதி அவளைப் பேர் சொல்லிக் கேட்டிருந்தான்: “லில்லி அக்கா, இப்ப சொல்லுங்க. முதல் பாகத்துக்கு ஈடா இருக்குதா?”

அவள் வெகுநேரம் எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் அனுப்பியது இதுதான்.

“நல்லா எழுதியிருக்காங்க தம்பி. கென்சோ அப்ப எப்பிடி இருந்தானோ அப்பிடியேதான் இருக்கான். நான்தான் தப்பா சொல்லிட்டேன். ஆனா எனக்கு முதல் பாகந்தான் புடிக்கும்.”

“ஏன்கா?” என்று வந்தது. அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சகாயராணி அவள் தோளைத் தட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“முடிஞ்சிடுச்சா? இன்னும் வருமா?”

“இல்லம்மா,” என்றாள் லில்லி. “இனிமே வராது.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அண்ணனை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட அவள் இப்படி அழவில்லை. தன் அழுகை எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று அவளுக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. பக்கத்து வீட்டு அமிர்தம் ஈரக்கையோடு ஓடிவந்து வாசலில் நின்று, “இன்னாக்கா ஆச்சு, யாருக்கு இன்னா?” என்று கேட்பதை உதட்டில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அம்மா அமிர்தத்துக்குக் கையைக் காட்டி, ஒன்றுமில்லை போ என்பதுபோல அசைத்துவிட்டு, லில்லியின் தலையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.