பிரேக் போடாத இடம்

கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த மறுநாளே நூர் பீவி மெர்லிமாவ் சாலையோரம் வந்து நின்றாள். கையில் சாலைக் குத்தகைக்காரரின் அறிக்கை. ‘பிரேக் போட்ட தடயம் இல்லை. ஓட்டியவரின் கவனக்குறைவு.’ கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

முப்பது வருஷம் மோட்டார் சைக்கிள் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காத மனுஷன், அவள் கணவர் ஹபீபுல்லா. கவனக்குறைவாம்!

எதிரே தாரின்மேல் அந்தப் படம். பாதசாரிக் கடவைக்கு வெறும் கோடு போடாமல், சாம்பல் நிழல் கொடுத்து, வெள்ளைக் கட்டைகள் மிதப்பதுபோல் வரைந்திருந்தார்கள், வண்டிகள் மிரண்டு வேகம் குறைக்கட்டும் என்று. முதல் நாள் ஹபீபுல்லாவும் பதறிப்போய் பிரேக் போட்டுக் காலை ஊன்றிவிட்டார். “நம்மள முட்டாளாக்கிட்டானுங்க, பீவி!” என்று வீட்டுக்கு வந்து சிரித்தார். ஒரே வாரம்தான். அப்புறம் அது அவருக்கு வெறும் தரை. சுங்கை ரம்பாய்க் கடைக்குப் போகவும் வரவும் இரண்டு மாதம் அதன்மேல் ஏறிப் போனார்.

பிறகு கால்வாய் தோண்டுவதற்காகக் குத்தகைக்காரரின் ஆட்கள் படத்துக்குச் சற்று முன்னால் நிஜமான சிமெண்டுக் கட்டைகளை வைத்து, மிச்சமிருந்த அதே வெள்ளையையும் சாம்பலையும் பூசினார்கள். எச்சரிக்கைப் பலகைகூட இல்லை. மறுநாள் காலை அவர் நேராகப் போய் மோதினார். அன்று மாலையே கட்டைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

குத்தகைக்காரரின் மேற்பார்வையாளன் விமலன் மோட்டாரில் வந்தான். படத்தின்மேல் ஏறி, அதே வேகத்தில் கடந்து, அவள் பக்கத்தில் நிறுத்தி இறங்கினான்.

“சைன் பண்ணிட்டீங்களாக்கா? எனக்கு இன்னும் ரெண்டு சைட்டு இருக்கு.”

“நீ ஏன் தம்பி பிரேக் போடல?”

“எங்கக்கா?”

“இப்ப ஏறி வந்தியே, அந்தக் கட்டை மேல.”

“அது பெயிண்ட்டு லா! தினமும் வர்றேன், எனக்குத் தெரியாதா?”

“அவருக்கும் தெரியும்டா!”

விமலன் திரும்பிச் சாலையைப் பார்த்தான்.

“கட்டை கட்டையில்லன்னு அவர் கண்ணப் பழக்கிவிட்டது யாரு? பழக்கிட்டு அதே இடத்துல கல்ல வச்சது யாரு? செத்தவர் மேல பழி போடுறீங்க, வெக்கமா இல்ல?”

“நான் எழுதலக்கா, ஆபிஸ்ல...”

அவள் தாளை அவன் மோட்டார் சீட்டில் விரித்தாள். ‘கவனக்குறைவு’ என்பதைத் தாள் கிழியும்படி அடித்தாள். ‘படத்துக்கும் கல்லுக்கும் ஒரே பெயிண்ட் பூசியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“இன்னிக்கு நீயும் பிரேக் போடலன்னு எழுதி, கீழ உன் பேரப் போடு.”

“அக்கா, என் வேலை போயிடும்.”

“எனக்குப் போனது திரும்புமா?”

அவள் மோட்டாரின் முன்னால் போய் நின்று பேனாவை நீட்டினாள். அவன் அதை வாங்கி எழுதி முடிக்கும்வரை நகரவில்லை.