கடவைக்கு முன்னால் இரண்டு பெட்டிகள்

கிழமை நாட்களில் தர்மிகா ஓஸ்லோவில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீல மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனாள். நகரத்துக்கு வெளியே, காட்டுக்குள் ஏறிப்போகும் ஒரு பழைய கிளைப்பாதையை ஆர்வலர் சங்கமொன்று காப்பாற்றி வைத்திருந்தது. எட்டுக் கிலோமீற்றர் தண்டவாளம், மஞ்சள் வர்ணம் பூசிய மூன்று மர ஸ்டேஷன்கள், ஒரு கரி எஞ்சின், நூறு வயது தாண்டிய இரண்டு பெட்டிகள். அவ்வளவுதான் சங்கத்தின் சொத்து. மூன்று வருடங்களாக அவள் அங்கே டிக்கற் சன்னல்களைச் சுரண்டி வர்ணம் அடித்தாள், கதவுப் பிடிகளைத் துலக்கினாள். பிறகு சோதனை எழுதி, பெட்டிகளின் பிரேக்குக்குப் பொறுப்பானவளாக ஆனாள்.

“ஒரு நாள் லீவு. அதிலையும் கரி பூசிக்கொண்டு திரியிறாய்” என்பாள் அம்மா இராசமணி. ஆனாலும் மகள் என்னதான் செய்கிறாள் என்று பார்க்க அவளுக்கு ஆசை. அந்தச் செப்ரெம்பரில், ஓஸ்லோவின் அம்மருட் பகுதியில் வியாழக்கிழமைகளில் கூடும் தமிழ் முதியோர் பத்தொன்பது பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பயணம் நன்றாகத்தான் தொடங்கியது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் நின்றது. பழைய மணியையும், தந்திக் கருவியையும், ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பத்தோடு குடியிருந்த மேல்மாடியையும் தர்மிகா தமிழில் விளக்கிக் காட்டினாள். நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னதாக, பாதை முடிகிற மேல் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அங்கே எஞ்சின் கழன்று, அப்பால் உள்ள தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, பக்கப் பாதையால் சுற்றி வந்து பெட்டிகளின் மறுபக்கத்தில் பூட்டப்படும். அந்த இடைவெளியில் பெட்டிகள் தனியாகத்தான் நிற்கும். ஸ்டேஷன் தட்டையாகத் தெரிந்தாலும் நிலம் இலேசான சரிவு. அதனால் விதி கண்டிப்பானது: இரண்டு பெட்டிகளின் கைப்பிரேக் சில்லையும் இறுகச் சுற்ற வேண்டும், சக்கரத்துக்கு முன்னால் ஆப்புக்கட்டை வைக்க வேண்டும். அதன் பிறகுதான் ட்ரைவருக்குக் கை காட்டலாம்.

தர்மிகா மேட்டுப் பக்கம் நின்ற மேல்பெட்டியின் பிரேக்கைச் சுற்றினாள். சரிவுப் பக்கத்துக் கீழ்ப்பெட்டிக்குப் போக இறங்கியபோது குலசேகரம் கூப்பிட்டார். வயது எண்பத்திரண்டு. பிடித்துக்கொள்ளச் சிறு தள்ளுவண்டி இல்லாமல் நடக்க மாட்டார்.

“பிள்ளை, இந்தப் படி உயரமாய்க் கிடக்கு. ஒருக்காப் பிடி.”

அவரை இறக்கினாள். பின்னால் நின்ற மூன்று பேரையும் இறக்கினாள். யாரோ வடையொன்றைக் கையில் திணித்தார்கள். அப்போது ட்ரைவர் ஆன்ட்ரியாஸ் எஞ்சினிலிருந்து தலையை நீட்டி, “எல்லாம் சரியா?” என்று கத்தினார்.

அவள் கையை உயர்த்தினாள். எஞ்சின் கழன்று போனது.

கால்மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் சிரித்தபடி பெட்டிகளுக்குள் ஏறிக்கொண்டார்கள். தள்ளுவண்டிகளைக் கீழ்ப்பெட்டியின் கடைசிக் கதவோடு சாத்தி வைத்தார்கள். தர்மிகா மேல்பெட்டியில் நின்று தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சன்னலுக்கு வெளியே ஸ்டேஷனின் பெயர்ப்பலகை மெல்ல நகர்ந்தது.

பக்கப் பாதையில் எஞ்சின்தான் வருகிறது, அதனால் அப்படித் தெரிகிறது என்று முதலில் நினைத்தாள். ஆனால் எஞ்சின் தூரத்தில், தொட்டிக்குக் கீழே, ஆவி விட்டபடி அசையாமல் நின்றது.

“வெளிக்கிட்டிட்டமோ?” என்று ஒரு அம்மா மகிழ்ச்சியாகக் கேட்டார்.

தர்மிகாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கீழ்ப்பெட்டி. கட்டை. இரண்டையும் செய்யவில்லை. இத்தனை நேரமும் பெட்டிகளைப் பிடித்து வைத்திருந்தது காற்றுப் பிரேக்தான். எஞ்சின் இல்லாமல் அதன் காற்று கசிந்து முடிந்துவிட்டது.

பாய்ந்துபோய் அவசரக் கைப்பிடியை இழுத்தாள். இழுத்தால் காற்றுச் சீறல் கேட்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. மேல்பெட்டியின் பிரேக் சில்லை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினாள். கீழே இரும்பு முனகியது, பெட்டி நிற்கவில்லை. ஈரத் தண்டவாளத்தில் ஒரு பிரேக் போதாது. பின்னால் எஞ்சின் விசில் விடாமல் அலறத் தொடங்கியது. ஆன்ட்ரியாஸ் கண்டுவிட்டார். கண்டு என்ன? அவர் மேலே, அவர்கள் கீழே போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒன்றரைக் கிலோமீற்றர் கீழே வீதி குறுக்கிடும் கடவை இருந்தது. படலை இல்லை, மணி இல்லை. ரயில் எப்போதும் அதற்கு முன்னால் நிற்கும், தர்மிகா சிவப்புக் கொடியோடு இறங்கி வாகனங்களை மறிப்பாள். இன்றைக்கு அங்கே மறிக்க யாரும் இல்லை.

“எல்லாரும் இருங்கோ. கம்பியைப் பிடியுங்கோ. ஒருத்தரும் எழும்பக் கூடாது.”

குரல் அவளுடையது மாதிரியே இல்லை. சிரிப்புகள் ஒவ்வொன்றாக அடங்கின. இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலான இரும்புத் தகடு மழையில் வழுக்கியது. கீழே தண்டவாளக் கட்டைகள் ஒன்றோடொன்று கலந்து ஓடின. சங்கிலியைப் பிடித்துக் கடந்தாள். கீழ்ப்பெட்டியில் தேவாரம் முணுமுணுக்கும் குரல் கேட்டது. கடைசிக் கதவை நோக்கி ஓடினாள். பிரேக் சில்லு கதவுக்கு வெளியே, திறந்த மேடையில் இருந்தது. கதவோ உள்பக்கமாகத் திறப்பது. அதற்கு முன்னால் ஆறு தள்ளுவண்டிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிக்கிக் கிடந்தன.

இழுத்தாள். வரவில்லை.

“விடு, நான் தூக்கிறன்.” கீழ்ப்பெட்டியில் இருந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். இராசமணி இரண்டை ஒன்றாகத் தூக்கி இருக்கைக்கு மேலாக எறிந்தாள், பிறகு அடுத்த இரண்டையும். கதவு திறந்தது. காற்றும் மழையும் முகத்தில் அடித்தன. தாயும் மகளும் எதிரெதிராக நின்று சில்லைப் பிடித்துச் சுற்றினார்கள். முதல் பத்துச் சுற்றும் வெறுமனே ஓடின. அதன் பிறகு இறுகியது.

“இன்னும்! அம்மா, இன்னும்!”

“சுத்திறன்தானே!”

வடநோர்வேயின் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பதினோரு வருடம் கத்தி பிடித்த கைகள் அவை. சில்லு இன்னும் அரைச் சுற்று போனது. கருகல் மணம் எழுந்தது. வளைவு திரும்பியதும் கடவை தெரிந்தது. ஒரு சிவப்புக் கார் வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பெண், பின் இருக்கையில் குழந்தையோடு சைக்கிளில் தண்டவாளத்தைக் கடக்கத் தொடங்கியிருந்தாள். எஞ்சினும் இல்லை, புகையும் இல்லை. சத்தமில்லாமல் வரும் பெட்டிகளை அவள் பார்க்கவே இல்லை.

தர்மிகா கழுத்திலிருந்த விசிலை ஊதினாள். மூச்சு வரவில்லை. மறுபடி ஊதினாள். இராசமணி சில்லை விடாமல், அவள் வாழ்நாளில் கத்தாத கத்தலாக ஒன்று கத்தினாள். என்ன சொல் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. சைக்கிள்காரி திரும்பிப் பார்த்தாள். கால் தரையில் ஊன்றியது. சைக்கிளை அப்படியே பின்னுக்கு இழுத்தாள். அவளுக்குப் பின்னால் கார் கிறீச்சிட்டு நின்றது.

சைக்கிளின் முன் சக்கரத்துக்கும் பெட்டியின் படிக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி இருந்திருக்கும். குழந்தையின் பச்சைத் தொப்பி தர்மிகாவின் முழங்காலுக்குப் பக்கத்தால் கடந்து போனது. வீதியைத் தாண்டி முப்பது மீற்றரில் பெட்டிகள் முனகி நின்றன.

பிறகு உள்ளே கை தட்டினார்கள். “உன்ரை மகள்தான் எங்களைக் காப்பாத்தினவள்” என்று யாரோ அழுதுகொண்டே இராசமணியைக் கட்டிப்பிடித்தார்கள்.

பின்னால் மெதுவாக வந்து நின்ற எஞ்சினிலிருந்து ஆன்ட்ரியாஸ் குதித்து ஓடிவருவது தெரிந்தது. இராசமணி மகளின் காதுக்குள் சொன்னாள்: “பழைய சாமான், பிரேக் பிடிக்கேல்லை எண்டு சொல்லு. ஆர் பாத்தது?”

ஆன்ட்ரியாஸின் உதடுகள் வெளுத்திருந்தன. “இரண்டையும் சுற்றினாயா?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

அம்மாவின் கை அவள் மணிக்கட்டை இறுக்கியது.

“இல்லை. ஒன்றுதான். கட்டையும் வைக்கவில்லை. செய்யாமலே உங்களுக்குக் கை காட்டினேன்.”

அவர் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நான் இறங்கி வந்து பார்க்கவில்லை” என்று மட்டும் சொன்னார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

அந்த வருடம் பிறகு ரயில் ஓடவில்லை. விசாரணைக்கு வந்தவர்களிடம் தர்மிகா மூன்று முறை அதே பதிலைச் சொன்னாள். அவளுடைய அனுமதி நிறுத்தப்பட்டது. அம்மருட்டிலும் செய்தி பரவியது. கை தட்டியவர்களில் சிலர் இராசமணியோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அம்மா வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போவதை விட்டாள்.

நவம்பரில் ஒரு வியாழன், தர்மிகா லீவு போட்டுவிட்டு அந்த மண்டபத்துக்குப் போனாள். அம்மாவையும் வற்புறுத்திக் கூட்டிப்போனாள். எல்லோருக்கும் முன்னால் நின்று, எதைச் செய்ய வேண்டியிருந்தது, எதைச் செய்யவில்லை என்று சொன்னாள். படியில் பிடித்து இறக்கிய கதையை மட்டும் சொல்லவில்லை.

“என்னாலைதான் நடந்தது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

குலசேகரம்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

“நான்தானே உன்னைக் கூப்பிட்டனான்.”

“ஓம். ஆனா வேலை என்ரை, மாமா.”

“சரி. நான் பொய் சொல்லமாட்டன், பிள்ளை. இப்ப பஸ் கொஞ்சம் சரிஞ்சாலும் எனக்கு நெஞ்சு அடிக்குது. இனி உந்த ரயிலிலை ஏறமாட்டன்.”

“எனக்கும் பயம் போகேல்லை” என்றாள் தர்மிகா. “பச்சைத் தொப்பி போட்ட பிள்ளை ஒண்டைக் கண்டால் நிண்டிடுறன்.”

அவர் தலையை ஆட்டினார். மன்னித்தாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு சுவரோரம் இருந்த ஒரு அம்மா, பக்கத்துக் கதிரையில் கிடந்த தன் குளிர் அங்கியை எடுத்து மடியில் வைத்தார்.

“இராசமணி, ஏன் வாசலிலை நிக்கிறாய்? வந்து இரு.”